பறக்கும்போது இன்ஜினில் தீ: பைலட் முதலில் பெட்ரோலை ஏன் நிறுத்துகிறார்?

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்தது. விமானத்தில் இருந்தவர்களில் 241 பேர், தரையில் 19 பேர், மொத்தம் 260 உயிர்கள் போயின. ஒரு மாதம் கழித்து முதற்கட்ட விசாரணை அறிக்கை வந்தது. மேலெழும்பிய சில நொடிகளில், இரண்டு இன்ஜின்களுக்கும் எரிபொருள் தரும் சுவிட்சுகள் சுமார் ஒரு நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக 'கட்-ஆஃப்' நிலைக்குப் போனதாக அதில் இருந்தது. அதற்குப் பிறகு மாட்டுத்தாவணி டீக்கடை முதல் குடும்ப வாட்ஸ்அப் குழு வரை ஒரே கேள்வி: "பறக்குற விமானத்துல பெட்ரோலை நிறுத்துறதுக்கு எதுக்குப்பா ஒரு சுவிட்ச்? அதை ஏன் கைக்கு எட்டுற மாதிரி வச்சாங்க?"

நியாயமான கேள்விதான். அந்த விபத்து எதனால் நடந்தது என்று சொல்வது விசாரிப்பவர்கள் வேலை, இங்கே அதற்குள் போகப்போவதில்லை. ஆனால் அப்படி ஒரு சுவிட்ச் ஏன் கட்டாயம் வேண்டும் என்பதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. முக்கியமான காரணம் தீ. அதைப் புரிந்துகொள்ளப் பெரிய விமானத்தை விடச் சின்ன விமானம் நல்லது. ஒரே இன்ஜின், ஒரே பைலட், எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இந்தியாவில் பைலட் படிப்புக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172 விமானத்தையே எடுத்துக்கொள்வோம்.

மூக்குக்குள் என்ன இருக்கிறது

செஸ்னா 172-இன் மூக்கில் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று இருக்கிறது. 172எஸ் ரகத்தில் அது 180 குதிரைசக்தி. காரில் இருப்பது போல ரேடியேட்டர் கிடையாது, முன்னால் இருந்து வரும் காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. இன்ஜினை மூடியிருக்கும் மெல்லிய தகட்டு உறைக்குக் கவ்லிங் என்று பெயர், நம்ம கார் பானெட் மாதிரி.

அந்த உறைக்குள் மூன்று பொருட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒன்று பெட்ரோல் குழாய்கள். விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள், இது பின்னால் உதவும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஏழரை லிட்டர் வரை இன்ஜின் ஆயில். மூன்றாவது எக்ஸாஸ்ட் குழாய். அதற்குள் போகும் புகையின் வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பெட்ரோலும் ஆயிலும் குழாய்க்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வெளியே வந்து அந்தச் சூடான இரும்பில் பட்டால் போதும், தீப்பொறிகூட வேண்டாம்.

இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கிறது. அதுதான் ஃபயர்வால், பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. பைலட் கால் வைக்கும் பெடல்கள் அதற்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கின்றன. விமானவியலில் 'தீத்தாங்கி' என்று ஒரு பொருளை ஏற்க வேண்டுமானால், சுமார் 1,100 டிகிரி தீயில் 15 நிமிடம் அது தாக்குப்பிடிக்க வேண்டும். சுற்றியிருக்கும் உடல் முழுக்க அலுமினியம். அது 660 டிகிரியில் உருகும், அதற்கு வெகுமுன்பே பலம் இழந்துவிடும். அதாவது எஃகுத் தகடு நின்றாலும் தீ அதன் விளிம்பைச் சுற்றி வந்துவிடலாம். 15 நிமிடம் இருக்கிறது என்று யாரும் நிதானமாக இருக்க முடியாது.

தீ எங்கே ஆரம்பிக்கிறது

1. எரிபொருள் குழாயின் இணைப்பு தளர்ந்துபோவது, அல்லது ரப்பர் குழாய் பழசாகி வெடிப்பது. பழுதுபார்ப்புக்குப் பிறகு ஒரு நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டாலும் இதுவே நடக்கும். இன்ஜின் அதிர்வில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வரும்.

2. ஆயில் கசிவு. இன்ஜினுக்குள் ஏதாவது உடைந்து ஓட்டை போட்டுவிட்டால் ஆயில் மொத்தமாக எக்ஸாஸ்ட் மேல் கொட்டும்.

3. எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல். உள்ளே போகவேண்டிய சூடு வெளியே பீய்ச்சும், பக்கத்துக் குழாயைச் சுடும்.

4. பறவைக்கூடு. இது விளையாட்டு இல்லை. இரண்டு நாள் திறந்தவெளியில் நின்ற விமானத்தின் மூக்குத் துளைக்குள் மைனா வைக்கோலும் சுள்ளியும் கொண்டுபோய் அடைத்துவிடும். இன்ஜின் சூடானதும் அது காய்ந்த சருகுதான்.

தீ பிடித்திருக்கிறது என்று பைலட்டுக்கு எப்படித் தெரியும்? இந்த மாதிரி விமானத்தில் இன்ஜின் பக்கம் தீயை உணரும் சென்சார் கிடையாது. வாடை வரும். கவ்லிங் விளிம்பில் புகை தெரியும். புகையே தெரியாமல், கண் முன்னால் இருக்கும் கவ்லிங்கின் பெயின்ட் நிறம் மாறிக் கொப்புளிக்கவும் செய்யலாம், தோசைக்கல்லில் மாவு குமிழ் விடுவது போல. இப்படி ஏதாவது கண்ணில் படும் நேரத்தில் உள்ளே தீ ஏற்கனவே நன்றாகப் பிடித்திருக்கும். இதைத்தான் எல்லாப் பயிற்சி நூல்களும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று உட்கார்ந்திருக்க அவகாசம் இல்லை.

தீயணைப்பான் இருக்கிறதே, அதை அடித்தால்?

காக்பிட்டில் சின்னத் தீயணைப்பான் ஒன்று இருக்கும். அது காக்பிட்டுக்குள் பிடிக்கும் தீக்கு மட்டும்தான். எஃகுத் தகட்டுக்கு அந்தப் பக்கம், மூடிய உறைக்குள் எரியும் தீக்கு அதைக் கொண்டுபோகப் பறக்கும்போது வழியே இல்லை. பெரிய விமானங்களில் இன்ஜினுக்கென்றே தனி வாயு பாட்டில் உண்டு. சின்ன விமானத்தில் எடைக்கும் விலைக்கும் அது கட்டுப்படியாகாது.

தீ எரிய மூன்று பொருள் வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம்: எரிபொருள், காற்று, வெப்பம். பறக்கும் விமானத்தில் காற்றை நிறுத்த முடியாது, அது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. வெப்பத்தையும் உடனே குறைக்க முடியாது, இரும்பு ஆற நேரம் பிடிக்கும். பைலட்டின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது எரிபொருள் ஒன்றுதான். அதை நிறுத்தினால் இன்ஜினும் நின்றுவிடும். தெரிந்தேதான் நிறுத்துகிறார். இன்ஜின் இல்லாமல் ஒரு விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்க முடியும், ஒவ்வொரு மாணவரும் அதைப் பலமுறை செய்து பார்த்த பிறகுதான் தனியாகப் பறக்கவே விடுவார்கள். காக்பிட்டுக்குள் தீ வந்த பிறகு எதுவும் செய்ய முடியாது.

வரிசையாக என்ன செய்கிறார்

செஸ்னா 172எஸ் கையேட்டில் உள்ள வரிசை இது. வேறு விமானத்தில் வரிசை கொஞ்சம் மாறும், அந்தந்த விமானத்தின் கையேடு சொல்வதே சட்டம்.

1. மிக்ஸ்சர் குமிழை முழுக்க வெளியே இழுப்பது. மிக்ஸ்சர் என்பது இன்ஜினுக்குள் போகும் பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதத்தை மாற்றும் சிவப்புக் குமிழ். கடைசிவரை இழுத்தால் பெட்ரோல் சிலிண்டருக்குப் போவது நின்றுவிடும்.

பைக்கில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்கும், இங்கேயும் அதையே செய்யலாமே என்று தோன்றும். கூடாது. விமான இன்ஜினின் தீப்பொறி மேக்னெட்டோ என்ற தனிக் கருவியில் இருந்து வருகிறது, அது பேட்டரியை நம்பி இல்லை. சாவியைத் திருப்பித் தீப்பொறியை நிறுத்தினால், குழாயில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் எரியாமல் அப்படியே தங்கிவிடும். சாவியை அப்படியே விட்டு, பெட்ரோலை மட்டும் நிறுத்தினால், மிச்சம் இருப்பதை இன்ஜினே எரித்துத் தீர்த்துவிடும்.

2. எரிபொருள் அடைப்பு வால்வை மூடுவது. மிக்ஸ்சர் இழுத்தாயிற்றே, அப்புறம் எதற்கு இது? உடைந்திருக்கும் குழாய் மிக்ஸ்சருக்கு முன்னாலேயே இருக்கலாம் என்பதால்தான். செஸ்னாவின் இறக்கைகள் பைலட்டின் தலைக்கு மேலே இருக்கின்றன, பெட்ரோல் தொட்டிகள் அந்த இறக்கைகளுக்குள். நிரப்பினால் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் மட்டும் சுமார் 200 லிட்டர். மாடியில் தண்ணீர்த் தொட்டி, கீழே சமையலறைக் குழாய் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தி என்ன பயன்? தொட்டிக்கு அடியில் இருக்கும் கேட் வால்வை மூடினால்தான் ஒழுகுவது நிற்கும். இங்கேயும் அதேதான், மூடாவிட்டால் 200 லிட்டரும் புவியீர்ப்பிலேயே இறங்கித் தீக்குள் போகும்.

3. துணைப் பெட்ரோல் பம்ப்பை அணைப்பது. இது 172எஸ் விமானத்தை விட, இறக்கை கீழே இருக்கும் பைப்பர் ரக விமானங்களில் ரொம்ப முக்கியம். அங்கே தொட்டி கீழே, இன்ஜின் மேலே, கிணற்றில் இருந்து மோட்டார் ஏற்றுவது மாதிரி. பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அது தீக்குப் பெட்ரோல் ஏற்றிக்கொண்டிருக்கும்.

4. மாஸ்டர் சுவிட்சை அணைப்பது. மொத்த மின்சாரமும் போய்விடும். ரேடியோ போகும், ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் போகும், இறக்கையின் பின்விளிம்பை இறக்கி வேகத்தைக் குறைக்க உதவும் ஃபிளாப் போகும், ஏனென்றால் செஸ்னாவில் அது மின்மோட்டாரில் ஓடுகிறது. இந்த இடத்தில் கருத்து வேறுபாடு உண்டு. தயாரிப்பாளர் கையேடு அணைக்கச் சொல்கிறது. தீ மின்சாரத்தால் வந்ததாக இல்லாவிட்டால், தரையில் மோதும் நேரமும் வந்துவிடவில்லை என்றால், ரேடியோவை இழக்கிறோம் என்பதையும் யோசித்துக்கொள் என்கிறது அமெரிக்க விமானத்துறையின் பயிற்சி நூல். எனக்குச் சரியாகப் படுவது இதுதான்: முதல் மூன்று வேலையும் முடிந்த கையோடு ஒரே மூச்சில் "மேடே, மேடே, மேடே", விமானத்தின் பெயர், இடம், இன்ஜினில் தீ, இறங்குகிறேன் என்று ஐந்தாறு நொடியில் சொல்லிவிட்டு மாஸ்டரை அணைப்பது. மதுரை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தால் அதே அலைவரிசையிலேயே சொல்லலாம், இல்லையென்றால் உலகம் முழுக்க அவசரத்துக்கென்று இருக்கும் 121.5 மெகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்பாண்டரில் அவசரத்துக்கான குறியெண் 7700 போட நேரம் இருந்தால் நல்லது. நேரம் இல்லையென்றால் பேச்சே வேண்டாம், விமானத்தை ஓட்டுவதுதான் முதல் வேலை.

5. ஹீட்டரையும் காற்றுத் துளைகளையும் மூடுவது, தலைக்கு மேலே இறக்கைப் பக்கம் இருக்கும் துளைகளைத் தவிர. இந்த வரி நம்ம ஊர்ப் பைலட்டுகளுக்காகவே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியது. சின்ன விமானத்தில் ஹீட்டர் என்பது தனிக் கருவி இல்லை. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஒரு உறை போட்டு, அதற்குள் சூடாகும் காற்றை ஃபயர்வாலில் உள்ள துளை வழியாக உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். ஆக அந்த எஃகுத் தகட்டில் பைலட்டே திறந்து மூடக்கூடிய ஒரு ஓட்டை இருக்கிறது. தீ பிடித்திருக்கும்போது அது திறந்திருந்தால் புகையும், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடும், கடைசியில் தீயும் அந்த வழியாகத்தான் வரும். மதுரையில் சித்திரை வெயிலில் யார் ஹீட்டர் போடப்போகிறார்கள்? அதனால்தான் அந்தக் குமிழைக் கை மறந்தே போகும். எப்போதோ யாரோ அரைகுறையாக இழுத்துவிட்டுப் போயிருந்தாலும் தெரியாது. புறப்படும் முன்பே அது முழுக்க உள்ளே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

6. வேகத்தை 100 நாட் ஆக்குவது, அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர். தீ அணையவில்லை என்றால் இன்னும் கூட்டுவது. இதற்குத் தனியாகவே விளக்கம் வேண்டும்.

ஊதினால் எரியுமா, அணையுமா?

ஊதாங்குழலால் ஊதினால் அடுப்பு எரிகிறது. அகல் விளக்கை ஊதினால் அணைகிறது. இரண்டும் உண்மைதான், வித்தியாசம் எரிபொருளில் இருக்கிறது. அடுப்பில் கங்கு இருக்கிறது, கொடுக்கிற காற்றை வாங்கிக்கொண்டு சூடாகிக்கொண்டே இருக்கும். அகலில் எரிவது திரியின் மேல் எழும் மெல்லிய ஆவி, வேகமான காற்று அதைச் சுடரில் இருந்து பிரித்துக் கலைத்துவிடுகிறது.

பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் மட்டுமே எரியும். அதற்குக் கீழே போனால் எரியாது. வால்வை மூடிய பிறகு கவ்லிங்குக்குள் மிச்சம் இருப்பது கொஞ்சம் ஆவிதான். மூக்கைத் தாழ்த்தி வேகமாக இறங்கினால் உள்ளே புகும் காற்று அந்த ஆவியை எரியாத அளவுக்கு நீர்த்துப்போகச் செய்யும். வால்வை மூடாமல் வேகத்தை மட்டும் கூட்டினால் அது ஊதாங்குழல் வேலையாகிவிடும். வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இந்த இடத்தில்தான் உறைக்கிறது.

சுடர் ஒரு பக்கமாக அடித்துக் கண்ணாடியை நோக்கி வந்தால், விமானத்தை ஒருக்களித்துச் சறுக்க விடுவார்கள். காற்று சாய்வாக வந்து மோதும்போது தீயும் புகையும் எதிர்ப்பக்கம் ஒதுங்கும், உயரமும் சீக்கிரம் குறையும்.

ஆயில் தீயாக இருந்தால் கதை கொஞ்சம் வேறு. பெட்ரோல் தீ பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் எரியும், ஆயில் தீ அடர்ந்த கறுப்புப் புகை கக்கும். ஆயிலை நிறுத்த வால்வு கிடையாது. இன்ஜின் நின்ற பிறகும் காற்று புரொப்பல்லரைச் சுழற்றிக்கொண்டிருக்கும், அது சுழன்றால் ஆயில் பம்ப்பும் சுழலும், தீக்கு ஆயில் போய்க்கொண்டே இருக்கும். அதனால் புரொப்பல்லரையே நிறுத்தப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. அதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், இங்கே வேகம் கூட்டவேண்டிய நேரம். இரண்டுக்கும் நடுவில் பைலட் எடுக்கும் முடிவை வெளியே இருந்து குறை சொல்ல எனக்கு மனசு வராது.

மேலூருக்கு மேலே 4,000 அடியில்

ஒரு கணக்குக்காக, தூத்துக்குடியில் இருந்து மதுரை வழியாகத் திருச்சிக்கு ஒரு 172எஸ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலூருக்கு மேலே, தரையில் இருந்து 4,000 அடி உயரத்தில் கவ்லிங்கில் புகை. மதுரை விமான நிலையத்தில் சுமார் 2,290 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது, தீயணைப்பு வண்டி இருக்கிறது. திரும்பிப் போய்விடலாமா?

இன்ஜின் இல்லாமல் இந்த விமானம் அதிக தூரம் மிதக்கும் வேகம் 68 நாட். அந்த வேகத்தில் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் ஒன்றரைக் கடல் மைல் போகலாம். 4,000 அடிக்கு ஆறு கடல் மைல், 11 கிலோமீட்டர். விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது, மேலூரில் இருந்து நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்கு மேல். எட்டாது. அதுவும் தீயை அணைக்க 100 நாட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியிருந்தால் அந்த 11 கிலோமீட்டரும் கிடைக்காது. 68 நாட்டில் மிதந்தால்கூட மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் கைவசம் இல்லை.

இன்ஜினை ஓடவிட்டிருந்தால் எட்டியிருக்குமே என்று மனம் சொல்லும். ஓடும் இன்ஜின் முழு வேகத்தில் போனாலும் அந்த 30 சொச்சம் கிலோமீட்டருக்கு ஒன்பது, பத்து நிமிடம் ஆகும், அந்த நேரம் முழுக்க எரிகிற இடத்துக்குப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஓடுபாதை ஆசைதான் இந்தச் சூழ்நிலையில் ஆளைக் கொல்லக்கூடியது.

தீ அணைந்துவிட்டது, புகை நின்றுவிட்டது என்றால் இன்ஜினை மறுபடி ஓட்டலாமா? கூடாது. உடைந்த குழாய் உடைந்தபடியே இருக்கிறது, எக்ஸாஸ்ட் இன்னும் கொதிக்கிறது, வால்வைத் திறந்தால் முதலில் இருந்து ஆரம்பிக்கும். அப்போது செய்யவேண்டியது 68 நாட்டுக்கு வந்து, மிச்ச உயரத்தை வைத்து நல்ல நிலத்தைப் பிடிப்பது.

எந்த நிலம்?

மேலூர்ச் சுற்றுவட்டாரத்தை மேலே இருந்து பார்த்தால் பச்சையாக, சமமாகத் தெரியும். கிட்டே வர வரத்தான் வயலின் குணம் புரியும்.

நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் நெல் வயல் மெத்தென்று தெரிந்தாலும், முன் சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் குப்புறக் கவிழக்கூடும். அறுவடை முடிந்து காய்ந்த தாள் நிற்கும் வயல் நல்லது, ஆனால் வரப்புக்குக் குறுக்கே போகாமல் வரப்பை ஒட்டி நீளவாக்கில் இறங்க வேண்டும். கோடையில் வற்றிய கண்மாய் விசாலமாக இருக்கும், சீமைக்கருவேல் மண்டாமல் இருந்தால் யோசிக்கலாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல், வெயில் காலத்தில் கல் மாதிரி, மழை பெய்தால் சக்கரத்தை விடாத பசை. வைகை மணல் தூரத்தில் இருந்து ஓடுபாதை போலவே தெரியும், இளமணல் சக்கரத்தைப் பிடித்து இழுத்துவிடும். நான்குவழிச் சாலையைப் பார்த்ததும் மனம் அதில் போய் நிற்கும். நடுவில் தடுப்பு, ஓரத்தில் விளக்குக் கம்பம், குறுக்கே மின்கம்பி, போதாததற்கு எதிரே அரசுப் பேருந்தும் லாரியும். கம்பியை மேலே இருந்து பார்க்கவே முடியாது, கம்பத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். மேலூர், கீழவளவு பக்கம் கிரானைட் குவாரிக் குழிகளும் உண்டு, அந்தத் திசையே வேண்டாம்.

காற்றுக்கு எதிராக இறங்கினால் தரையில் படும் வேகம் குறையும். தென்மேற்குப் பருவத்தில் இந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் மேற்கில் இருந்து, வடகிழக்குப் பருவத்தில் கிழக்கில் இருந்து. பைலட் இதைப் புறப்படும்போதே மனதில் வைத்திருப்பார், எங்காவது வைக்கோல் எரியும் புகையோ தென்னை ஓலை சாயும் பக்கமோ தெரிந்தால் உறுதி செய்துகொள்வார்.

மாஸ்டரை அணைத்துவிட்டதால் ஃபிளாப் இல்லை, 70 நாட்டில் வர வேண்டும். வேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி மூன்றும் மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும். ரேடியோ போனதால் கைவிட்டுப் போனது பேச்சு மட்டும்தான், விமானம் இல்லை. தரைக்கு வரும் முன் இரண்டு கதவுகளின் தாழ்ப்பாளையும் திறந்துவிட வேண்டும், ஏனென்றால் மோதலில் உடல் லேசாக நெளிந்தாலே கதவு சிக்கிக்கொள்ளும், பின்னால் தீ இருக்கும்போது சிக்கிய கதவை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நின்றதும் பெல்ட்டைக் கழற்றி, இறங்கி, காற்று வரும் திசையை நோக்கி ஓட வேண்டும். உதவிக்கு ஓடிவரும் ஊர்க்காரர்களையும் பக்கத்தில் விடக்கூடாது, இறக்கையில் இன்னும் பெட்ரோல் இருக்கிறது.

தரையில் பிடித்தால் தலைகீழ்

குழப்பம் வரும் இன்னொரு இடம் இது. பழைய கார்புரேட்டர் வைத்த செஸ்னாக்களில் ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோலை அதிகம் அடித்துவிட்டால், அது கீழே வழிந்து, இன்ஜின் எதிர்த்து அடிக்கும்போது தீ பிடிக்கும். அப்போது ஸ்டார்ட்டரை விடக்கூடாது, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது கையேடு. இன்ஜின் சுற்றினால் அந்தச் சுடரையும் சிந்திய பெட்ரோலையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பிடித்துவிட்டால் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திப் பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் மிக்ஸ்சரை வெளியே இழுத்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, சுற்றிக்கொண்டே இருந்து, அதற்குள் யாராவது தீயணைப்பானை எடுக்க வேண்டும். இங்கே கதவைத் திறந்து இறங்கிவிடலாம் என்பதால்தான் இந்தச் சலுகை.

காக்பிட்டுக்குள் வயர் கருகும் வாடை, பிளாஸ்டிக் எரியும் நெடி வந்தால் அது வேறு தீ. அதற்கு முதலில் மாஸ்டர் சுவிட்ச்தான், ஓடிக்கொண்டிருக்கும் நல்ல இன்ஜினை அங்கே தொட வேண்டியதில்லை. எது எரிகிறது என்று ஒரு நொடி மூக்கைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டுவது அதனால்தான்.

புறப்படும் முன்பே பிடிபடும் தீ

மேலே சொன்ன நான்கு காரணங்களில் பெரும்பாலானவை காலையில் விமானத்தைச் சுற்றிவரும் பத்து நிமிடத்தில் கண்ணில் படக்கூடியவை. நீலச் சாயம் இங்கேதான் உதவுகிறது. பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் கசிந்த இடத்தில் நீலக் கறை தங்கிவிடும். இணைப்பில், கவ்லிங்கின் அடிப்பகுதியில், மூக்குச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நீலம் தெரிந்தால் பறப்பது நின்றது. எக்ஸாஸ்ட் இணைப்பில் வெளுத்த சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் அங்கே புகை ஒழுகுகிறது. ஆயில் பார்க்கும் சின்னக் கதவைத் திறந்து, அளவைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், டார்ச் அடித்துச் சிலிண்டர்களுக்குப் பின்னால் சுள்ளி ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுதுபார்த்து வந்த முதல் நாள் இந்தப் பத்து நிமிடம் இருபதாகட்டும். வால்வுக் குமிழையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மறக்காமல் திரும்பத் திறந்துவைக்க வேண்டும், துரு ஏறி இறுகிப்போன வால்வு இருந்தும் இல்லாததுதான்.

சரி, பெரிய விமானத்து சுவிட்சுக்கு வருவோம்

போயிங்கிலும் இதே தர்க்கம்தான், கருவிகள் மட்டும் அதிகம். இன்ஜினைச் சுற்றி வெப்பத்தை உணரும் கம்பிகள் இருக்கின்றன, மணி அடிக்கும். அந்த இன்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரைக் குறைத்து, எரிபொருள் சுவிட்சைக் கட்-ஆஃப் ஆக்கி, தீக் கைப்பிடியை இழுப்பார்கள். அப்போதும் அணையாவிட்டால் கைப்பிடியைத் திருப்பினால் பாட்டிலில் இருக்கும் வாயு உள்ளே பாயும். இன்னொரு இன்ஜின் இருப்பதால் வயலில் இறங்க வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு இன்ஜின் இருப்பதாலேயே சின்ன விமானத்தில் இல்லாத ஓர் ஆபத்தும் வருகிறது. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே ஒரு போயிங் 737 விழுந்து 47 பேர் இறந்தார்கள். பழுதானது இடது இன்ஜின், பைலட்டுகள் நிறுத்தியது வலது இன்ஜின். பெரிய விமானத்தில் ஒரு பைலட் சுவிட்சில் கை வைத்து "இதுதானே?" என்று கேட்டு, மற்றவர் பார்த்து "ஆமாம்" என்ற பிறகே நகர்த்த வேண்டும் என்று வலியுறுத்துவது இந்த மாதிரித் தவறைத் தடுக்கத்தான்.

அப்படியானால் பறக்கும்போது அந்த சுவிட்ச் நகராதபடி பூட்டிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு தடைகள். ஒன்று, இன்ஜின் முழுச் சக்தியில், அதிகச் சூட்டில் ஓடுவது மேலெழும்பும்போதுதான், அப்போதே தீ பிடித்தால் பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியாது. இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை: ஜெட் இன்ஜின் நடுவானில் நின்றுபோனால் அதை மறுபடி உயிர்ப்பிக்கவும் அதே சுவிட்சைத்தான் கட்-ஆஃப் ஆக்கித் திரும்ப 'ரன்' நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அகமதாபாத் விமானத்திலும் சுவிட்சுகள் சில நொடிகளில் 'ரன்' நிலைக்குத் திரும்பின, ஓர் இன்ஜின் மீளத் தொடங்கியது, உயரம்தான் போதவில்லை என்பது முதற்கட்ட அறிக்கையில் இருந்து தெரிகிறது. அதனால்தான் பூட்டுக்குப் பதில் வேறு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்த சுவிட்சைத் தட்டினால் நகராது, விரலால் மேலே தூக்கி, ஒரு தடுப்பைத் தாண்டித்தான் நகர்த்த முடியும்.